வடகிழக்குத் தடத்தின் ஒன்பது

லெஸ்டர் டார்ஃப்ளர் தொலைபேசியில் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அதனால் அந்த ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை காலையில் அவர் போட்ட சத்தத்தில், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் வெர்னா ஹ்ருஸ்கா முதலில் நினைத்தாள்.

"வெர்னா, உடனே கிளம்பி வாங்க. சாப்பிட்டாச்சா? சாப்பிடலேன்னாலும் பரவாயில்ல, வாங்க."

"ஹில்டாவுக்கு ஏதாவது..."

"அவளுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. வாசப்படியைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா. நீங்க வாங்க."

வெர்னா பால்டிமோர் நகர நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சிகள் உளறுவதை உளறியபடியே எழுதிவைப்பது அவள் வேலை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "நேரமே கிடைக்கல" என்பாள். அதில் பாதி உண்மை. அவளுடைய சனி ஞாயிறுகளை எல்லாம் பழைய டிராம் வண்டித் தபால் முத்திரைகள் எடுத்துக்கொண்டன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத் தெருக்களில் தபாலுக்கென்றே டிராம்கள் ஓடின. உள்ளே குமாஸ்தாக்கள் நின்றபடியே கடிதங்களைப் பிரிப்பார்கள், வண்டி ஓட ஓட முத்திரை குத்துவார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் இரும்பு முத்திரைக் கட்டை. வண்டி குலுங்கும், கை நழுவும், கட்டை தேயும், விளிம்பு உடையும். எழுபது வருடம் கழித்து அந்தத் தேய்மானத்தையும் உடைப்பையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, இது இன்ன தடம், இன்ன கட்டை, இன்ன காலம் என்று பிரித்துச் சொல்கிற பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடினார்கள். அந்தச் சங்கத்தின் கையேட்டைத் தொகுப்பவள் வெர்னா. லெஸ்டர் ஒரு லூத்தரன் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். சங்கத்தில் இருபது வருடமாக நாற்காலி மடித்து வைப்பவரும் அவர்தான்.

வெர்னா போய்ச் சேர்ந்தபோது ஹில்டா வெள்ளைச் சலவைக்கல் படியில் மண்டியிட்டிருந்தாள். லெஸ்டரின் அக்கா, தம்பியோடுதான் வாழ்க்கை.

"ஓரமா ஏறு கண்ணு, ஈரம். உள்ள ஒருத்தன் அட்டையை வச்சுக்கிட்டுப் பிரசவ வலி வந்த மாதிரி உலாத்திக்கிட்டிருக்கான்."

சமையலறை மேசையில் ஒரு துவாலை. அதன் மேல் ஒரு படத் தபால் அட்டை. டிரூயிட் ஹில் பூங்கா ஏரி, நீலம் சற்று அதிகமாகப் பூசிய படம். படத்தின் ஓரத்து வெள்ளையில் யாரோ நெருக்கி எழுதியிருந்தார்கள்: "மேமி, ஞாயிறு வரும்போது பெரிய வாணலியைக் கொண்டு வா." லெஸ்டர் அட்டையை மெதுவாகத் திருப்பினார். ஒரு சென்ட் பச்சைத் தபால்தலை. அதற்குப் பக்கத்தில் வட்ட முத்திரை, சந்தனம் வைத்தது போலச் சுத்தமாக விழுந்திருந்தது. பால்டிமோர், வடகிழக்குத் தடம், மே 12, பிற்பகல் 2, 1909.

வெர்னா ஆண்டை இரண்டு முறை படித்தாள்.

"வடகிழக்கு வண்டியை 1907-லயே நிறுத்திட்டாங்களே?"

"அதான்!" லெஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "அதான் வெர்னா! நாம எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கோம். ரெண்டு வருஷம் கழிச்சும் ஓடியிருக்கு பாருங்க. ஒருத்தருக்கும் தெரியாது. சந்தையில நாய்ப்பட அட்டைங்களுக்கு நடுவுல கிடந்துச்சு."

"தபால்தலை பழைய வரிசை."

"மிச்சம் இருந்ததை ஒட்டியிருப்பாங்க."

"செய்தியைப் படத்துப் பக்கம் எழுதியிருக்காங்க. முகவரிப் பக்கத்துல எழுத 1907-லயே அனுமதி வந்துடுச்சே, அப்புறம்னா அங்கேயே எழுதியிருக்கலாமே."

"பழைய அட்டை, இழுப்பறையில கிடந்திருக்கும். எங்க வீட்டுல ஹில்டா வச்சிருக்கிற கிறிஸ்துமஸ் அட்டையைப் பாக்கிறீங்களா? போர்க்காலத்து அட்டை."

வாசலிலிருந்து ஹில்டாவின் குரல் வந்தது. "கேக்குதுடா எனக்கு!"

வெர்னா சிரித்துவிட்டாள். லெஸ்டரின் காது நுனிகள் சிவந்திருந்தன. இத்தனை வருடத்தில் அவரை இப்படிப் பார்த்ததே இல்லை. கையேட்டில் மற்ற எல்லோரும் கண்டுபிடித்த ஏதாவது ஒன்று இருந்தது. இமோஜின் டல் அம்மையார், சங்கத் தலைவி, மூன்று இடத்தில் இருந்தார். லெஸ்டர் கண்டுபிடித்ததாக ஒரு வரி கிடையாது. ஆர்கன் வாசிக்கும்போதும் அப்படித்தான். அவர் வாசிக்க வாசிக்க ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலைப் பற்றிப் பேசுவார்கள்.

"நல்லா இருக்கு லெஸ்டர்," என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

அக்டோபர் கண்காட்சியில் லெஸ்டர் அதைப் பற்றிப் பேசுவார் என்று அடுத்த கூட்டத்தில் முடிவாயிற்று. டல் அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார். லெஸ்டர் புது சூட் தைக்கக் கொடுத்திருக்கிறார் என்று ஹில்டா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், கையேட்டில் புது வரியைச் சேர்ப்பதற்காக வெர்னா தன் படிகளை எடுத்து விரித்தாள். கண்ணில் பட்ட வடகிழக்குத் தட முத்திரை ஒவ்வொன்றையும் அவள் கண்ணாடித் தாளில் படியெடுத்து வைத்திருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், எது ஒரே கட்டை, எது வேறு என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு வானொலியில் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

லெஸ்டரின் முத்திரைப் படியை 1907 கோடைகாலத்து ஒன்றின் மேல் வைத்தாள். பால்டிமோரின் எம் எழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஆக, அதே கட்டை. ஆனால் வளையம் சரியில்லை. 1907 பிறந்ததும் அந்தக் கட்டை எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும். அதிலிருந்து குத்திய எல்லா முத்திரையிலும் வளையத்தின் கீழ் இடப்பக்கத்தில், நகம் பட்டது போல ஓர் உடைப்பு இருக்கும். லெஸ்டருடையதில் அது இல்லை. வளையம் முழுசாக இருந்தது.

மை அதிகமாகி உடைப்பை அடைத்திருக்குமோ என்று பார்த்தாள். மை அளவாகத்தான் இருந்தது. உடைந்த இரும்பு தானாக ஒட்டிக்கொள்ளாது. அப்படியானால் இது உடைவதற்கு முன்னால் குத்தியது. அப்போது ஒன்பது எங்கிருந்து வந்தது?

தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பத்தொன்பதாம் தேதி, இருபத்தொன்பதாம் தேதி முத்திரைகளைத் தேடி எடுத்தாள். அவற்றிலிருந்த ஒன்பதின் வால் நேராக இறங்கி நின்றது. லெஸ்டருடைய ஒன்பதின் வாலோ உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். அழகான, கொழுத்த ஆறு.

ஆண்டின் கடைசி எண் மட்டும் தனி அச்சு; கழற்றி மாட்டுவது. 1906-இல் ஒரு குமாஸ்தா அந்த ஆறைத் தலைகீழாகச் செருகியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். 1909-இல் வடகிழக்குத் தடத்தில் எந்த வண்டியும் ஓடவில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. இத்தனை படிகள் அவளிடம் மட்டும்தான் இருக்கின்றன. ஆனால் நாளைக்கு வேறு யாராவது, கூட்டத்துக்கு நடுவில், லெஸ்டரின் புது சூட்டுக்கு முன்னால் அதைச் சொன்னால்? நாமே சொல்வதுதான் மரியாதை என்று தொலைபேசியை எடுத்தாள்.

எடுத்தது ஹில்டா. லெஸ்டர் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தார்.

"என்ன கண்ணு, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அப்புறமா கூப்பிடுறேன்."

"ஒண்ணுமில்லாத குரல் எனக்குத் தெரியாதா? உடம்பு சரியில்லையா? அவன் ஏதாவது அசட்டுத்தனம் பண்ணிட்டானா?"

சாட்சிகளிடமிருந்து விஷயத்தைக் கறப்பதில் ஹில்டாவிடம் வக்கீல்கள் பாடம் படிக்கலாம். கொஞ்ச நேரத்தில் வெர்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள்.

"நான் வாயே திறக்கமாட்டேன்," என்றாள் ஹில்டா. "நீயே பக்குவமா சொல்லு."

அன்றைய இரவுச் சாப்பாடு வரைக்கும் அவள் வாய் தாங்கியது. புளிப்பு மாட்டிறைச்சியும் மாவு உருண்டையும் பரிமாறிக்கொண்டே சொன்னாளாம்: "அந்த ஒன்பது ஒன்பதே இல்லையாம்டா. தையல்காரன்கிட்ட சூட்டை நிறுத்தச் சொல்லிடு."

மறுநாள் வெர்னா கூப்பிட்டபோது லெஸ்டர் எடுத்தார்.

"உங்களுக்குச் சந்தேகம் இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்ட சொல்லத்தான் கூப்பிட்டேன் லெஸ்டர். நீங்க இல்ல."

"இல்லேன்னா? ஹில்டாகிட்ட சொல்லுவீங்களா? அவகிட்ட ஒண்ணு சொல்றதும் வானொலியில சொல்றதும் ஒண்ணுதானே? இப்ப மீன்கடைக்காரன் கேக்குறான், 'என்ன சார், உங்க ஒன்பது போயிடுச்சாமே'ன்னு."

"தப்புதான்."

"பேச்சை ரத்து பண்ணச் சொல்லி டல் அம்மாவுக்கு எழுதிட்டேன்," என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. செப்டம்பர் கூட்டத்துக்கும் வரவில்லை. நாற்காலிகளை மடிக்க ஆள் இல்லாமல் டல் அம்மையாரே குனிந்து நிமிர்ந்து மடித்தார். அக்டோபர் கண்காட்சியில் லெஸ்டருடைய நேரத்தை வேறு ஒருவர் பீர் பாட்டில் லேபிள்களைப் பற்றிப் பேசி நிரப்பினார். ஹில்டா மட்டும் ஒருநாள் நீதிமன்ற வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு டப்பா நண்டு வடையோடு.

"என்மேலதான் தப்பு கண்ணு. என் வாயை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. அவன் என்னோட பேசுறான், ஆனா உப்பு எங்கே, சாவி எங்கேன்னு மட்டும். வீடு கல்லறை மாதிரி இருக்கு. நீ வந்து ஏதாவது பண்ணு."

"என்னைப் பாக்கவே மாட்டேங்கிறாரே."

"ஞாயித்துக்கிழமை அவனால எந்திரிச்சு ஓட முடியாது," என்றாள் ஹில்டா. "ஆர்கனை விட்டுட்டு எங்கே போவான்?"

வெர்னா கத்தோலிக்கப் பெண். லூத்தரன் கோயிலுக்குள் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் பின்வரிசையில் முன்னாலிருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஆராதனை முடிந்தது. ஜனங்கள் வெளியேறும்போது வாசிக்கிற கடைசி இசை தொடங்கியது. எல்லோரும் பேசிக்கொண்டே கலைந்தார்கள். வெர்னா குறுகிய படிகளில் ஏறி ஆர்கன் இருந்த மாடத்துக்குப் போனாள்.

ஆர்கனுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் லெஸ்டர் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது முடிந்ததும் இன்னொன்று. கீழே விளக்கணைக்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். வெர்னா பாடகர் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வாசித்தார். அவள் கேட்டாள். முதலில் பிடிவாதமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். போகப் போக மறந்துபோய்க் கேட்க ஆரம்பித்தாள். காலால் மிதிக்கிற கட்டைகளிலிருந்து வருகிற அந்த அடித்தொண்டைச் சத்தம் பெஞ்சின் மரத்தில் ஏறி முதுகில் உணரும்படி இருந்தது.

கடைசியில் அவருக்கு வாசிக்க இசைத்தாள் தீர்ந்துவிட்டது. கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

"முடிவு வரைக்கும் இதுவரை ஒருத்தரும் இருந்ததில்ல," என்றார்.

"நல்லா இருந்துச்சு லெஸ்டர்."

"நடுவுல ரெண்டு இடத்துல தப்பு விட்டேன்."

"எனக்குத் தெரியல."

"உங்களுக்கா தெரியல? வளையத்துல மயிரிழை விட்டுப்போனாலே தெரியுமே உங்களுக்கு."

அதில் கசப்பு இல்லை. வெர்னா காத்திருந்தாள். நீதிமன்றத்தில் பழகிய காத்திருப்பு. பேச வேண்டியவர் பேசுவார்.

"அந்த வாலை நான் முதல் நாளே பாத்தேன்," என்றார் லெஸ்டர். "சந்தையிலேர்ந்து வந்து லென்ஸை வச்சவுடனே. ஒன்பதுக்கு வால் இப்படியா சுருளும்னு தோணுச்சு. அதுக்கப்புறம் நான் அந்த எடத்தைப் பாக்கவே இல்ல. பாக்காம இருந்தா ஒன்பதாவே இருக்கும்னு வச்சுக்கிட்டேன். உங்களை ஏன் முதல்ல கூப்பிட்டேன்? நீங்க பாத்து, நீங்களே ஒண்ணும் சொல்லலேன்னா, அப்ப அது நிஜம்தான்னு..." அவர் ஆர்கனின் ஸ்டாப் குமிழ்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். "கோவம் உங்க மேல இல்ல. மீன்கடைக்காரன் மேலயும் இல்ல."

"ஹில்டா மேல?"

"அவ மேல கொஞ்சம் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். காலியான கோயிலில் அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

படியிறங்கும்போது வெர்னாதான் அதைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று வரவில்லை, அங்கேதான் தோன்றியது. "லெஸ்டர், வருஷத்து எண்ணை ஜனவரியில ஒரு தடவைதானே மாத்தணும். மே மாசம் அந்தக் குமாஸ்தா அதை ஏன் கழற்றினான்?"

லெஸ்டர் நின்றுவிட்டார். "சுத்தம் பண்ணியிருப்பான். இல்லேன்னா வண்டி குலுங்கி எல்லா எண்ணும் கொட்டிப்போயிருக்கும். பொறுக்கி அவசரமா செருகியிருப்பான்."

"அப்ப அன்னிக்கு முழுக்க அப்படியே குத்தியிருக்கணும். இல்ல மறுநாளும். எப்ப கவனிச்சான்?"

"எப்ப கவனிச்சான்..." லெஸ்டர் மெல்லத் திருப்பிச் சொன்னார். காது நுனிகள் மறுபடி சிவக்க ஆரம்பித்தன.

அதே நாளில் முத்திரை விழுந்த இன்னொரு அட்டையைத் தேடி அந்தக் குளிர்காலம் முழுக்க மூவரும் அலைந்தார்கள். லெஸ்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது, வெர்னாவிடம் கார் கிடையாது, அதனால் ஹில்டா ஓட்டினாள். "என் வாய்க்குத் தண்டனையா என் காலுக்கு வேலையா?" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினாள். தீயணைப்பு நிலைய மண்டபங்கள், கோயில் அடித்தளங்கள், பென்சில்வேனியா எல்லையைத் தாண்டி மாட்டுச் சந்தைக் கொட்டகைகள் என்று பழைய அட்டை விற்கிற இடமெல்லாம் போனார்கள். லெஸ்டரும் வெர்னாவும் அட்டைகளின் முதுகையே பார்ப்பார்கள். ஹில்டாவுக்கு முத்திரை மண்ணாங்கட்டி எதுவும் தெரியாது. அவள் முகப்பைப் பார்ப்பாள். நாய்ப் படம் இருந்தால் எடுத்துக்கொள்வாள்.

அந்த அட்டை மார்ச் மாதத்தில் கிடைத்தது, ஹில்டா கையில். தொப்பி போட்ட ஒரு புல்டாக். அதை லெஸ்டர் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் மாமியார் மாதிரி இல்ல?" என்றாள்.

"எனக்கு ஏதுக்கா மாமியார்?" என்றவர், அதன் முதுகைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வடகிழக்குத் தடம். மே 12. பிற்பகல் 5. கடைசி எண் ஆறு. கால் தரையில் ஊன்றிய, ஒழுங்கான ஆறு.

வெர்னா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். வளையம் முழுசாக இருந்தது. எம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு மணிக்குத் தலைகீழாக நின்றது ஐந்து மணிக்கு நிமிர்ந்திருந்தது. இடையில் எங்கோ, ஓடுகிற வண்டியில், ஒருவன் தான் குத்தியதைத் தானே பார்த்திருக்கிறான்.

"மேலதிகாரி பாத்துத் திட்டியிருப்பான்," என்றாள் ஹில்டா.

"இல்ல. அவனே பாத்திருப்பான்," என்றார் லெஸ்டர்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஓடுற வண்டிக்குள்ள எந்த மேலதிகாரிக்கா வருவான்? அவனேதான். பாத்துட்டு, 'அடச்சே'ன்னு சொல்லியிருப்பான். உடனே கழற்றித் திருப்பிப் போட்டிருக்கான் பாரு." சொல்லும்போது அவர் முகம் இளகியிருந்தது. எதிர்ப்பக்கத்து வியாபாரி காபிக் கோப்பையை வைத்துவிட்டு, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

மே மாதக் கூட்டத்தில் லெஸ்டர் பேசினார். மழை நாள்; வந்தவர்கள் குறைவு. புது சூட் தோள்பட்டையில் சற்றுப் பெரிது. 1909-ஐத் தான் எப்படி நம்பினார் என்பதிலிருந்து தொடங்கினார், சுருண்ட வாலைப் பார்த்தும் பார்க்காமல் இருந்ததைச் சொன்னார், வளையத்து உடைப்பை வெர்னா கண்டதைச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இரண்டு அட்டைகளையும் அருகருகே திரையில் போட்டார். டல் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்.

"ஆக, அந்த மூணு மணி நேரத்துக்குள்ள போன தபால் எல்லாத்துலயும் இந்தத் தப்பு இருக்கணும், இல்லையா லெஸ்டர்?"

"இருக்கணும் அம்மா. மூணு மணி நேரமோ, குறைச்சலோ."

பின்வரிசையில் ஒரு புது ஆள் கையைத் தூக்கினார். தன் மாமியார் வீட்டு ஆல்பத்தில் வடகிழக்குத் தட அட்டை ஒன்று இருப்பதாகவும், ஆண்டைப் பார்த்துத் தான் ஏதோ அச்சுப் பிழை என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். வெர்னா லெஸ்டரைப் பார்த்தாள். உலகத்தில் அவரிடம் மட்டுமே இருந்த ஒன்று அந்த நிமிடத்தில் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

லெஸ்டர் மேடையை விட்டு இறங்கி நேரே அந்த ஆளிடம் போனார்.

"எத்தனை மணி போட்டிருக்கு?" என்று கேட்டார். "ஞாபகம் இருக்கா உங்களுக்கு? மூணா, நாலா?"

"ஞாபகம் இல்லீங்களே."

"உங்க மாமியார் வீடு எங்கே?"

"டண்டாக்ல."

லெஸ்டர் சுவரோரம் நின்றிருந்த ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கைப்பைக்குள் கார் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"மாமியாருக்கு ஒரு போன் போட்டுட்டு வா கண்ணு," என்றாள் அந்த ஆளிடம். "நாங்க வந்தா காபி போடுவாங்களா, கேட்டுக்க."